சொல்லாமல் விட்ட கம்பி

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. எல்லோரும் கூப்பிட்டது இடிதாங்கி என்று. உயரமான கட்டிடங்களின் தலையில் செம்புக் கம்பி நடுவது, அதிலிருந்து பட்டை இழுத்து மண்ணுக்குள் இறக்குவது, மெயின் போர்டில், எகிறிவரும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் மாட்டுவது, இவைதான் தொழில். யார் வீட்டில் டிவி புகைந்தாலும், எந்தக் கடையில் கம்ப்யூட்டர் கருகினாலும் மறுநாள் காலையில் அவரைத் தேடி ஆள் வந்து நிற்கும். "எல்லாம் போனப்புறம் கூப்பிடுறீங்களே, அதுக்கு முன்னாடி ஒருதரம் கூப்பிட்டா ஆகாதா?" என்று சலித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டுவார்.

அந்தப் பெயரை முதலில் வைத்தது அவர் மனைவிதான். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர், அவருக்கும் டீச்சர்தான். "வெளியில மின்னலைத் தாங்குறார், வீட்டுக்கு வந்தா என்னைத் தாங்குறார். இடிதாங்கின்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுறது?" என்று யாரிடமோ சிரித்துச் சொல்லப்போக, அது காற்றோடு பரவிவிட்டது.

டீச்சருக்குப் பெரிய குரல். மைக் இல்லாமல் பள்ளி மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போகும். வாசலில் நின்று "என்னங்க" என்றால் தெருமுனைக் கடையில் நிற்கும் இவர் திரும்புவார். இவரோடு சேர்த்து இன்னும் நாலைந்து கணவன்மார்களும் திரும்புவார்கள். அந்தக் குரல் ஒரு வருடம் கோடையில் கரகரக்க ஆரம்பித்தது. பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று வெந்நீர் குடித்தாள். கரகரப்பு போகவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், ஒரு துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், பிறகு இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னார்.

"குரல்வளையை முழுசா எடுத்துடணும். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்ல. ஆனா பேச முடியாது."

வீடு வரும்வரை டீச்சர் வாய் திறக்கவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதுதான், "இன்னும் கொஞ்ச நாள்தான் பேச முடியும். இப்பவே வாயை மூடிக்கிட்டா எப்படி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகள் ஓடி வந்தாள். கையோடு ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் கொண்டுவந்திருந்தாள். அம்மா தினமும் பேசுகிற பேச்சையெல்லாம் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்ளலாம், ஆபரேஷனுக்குப் பிறகு திரையில் அந்தந்த வாக்கியத்தைத் தொட்டால் அம்மா குரலிலேயே ஒலிக்கும் என்றாள்.

அப்படித்தான் வீட்டின் பின்னறை பதிவு அறையானது. வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வை தொங்கியது. டீச்சர் காலையில் குளித்துவிட்டு, பள்ளிக்குப் போகிறவள் மாதிரி நல்ல உடையாக உடுத்திக்கொண்டு உள்ளே போவாள். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிடலாம் வாங்க." "விளக்கை அணைங்க." "யாரு, உள்ள வாங்க, உக்காருங்க." "எனக்கு வலிக்குது." "எனக்கு இப்ப வலி இல்ல." கரகரப்போடுதான் வந்தது, ஆனாலும் அது டீச்சர்தான். இடையில் அடுத்த அறையில் இவர் மறந்துபோய் டிரில் மெஷினைப் போட்டுவிட, "இந்த மனுஷன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாரே!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். மகள் சிரித்தபடி, "அம்மா, அதுவும் பதிவாயிடுச்சு, அழிச்சிடவா?" என்றாள். "வேணாம், இருக்கட்டும். அதுதான் அதிகமா தேவைப்படும்."

கடைசியில் ஒரு பகுதி இருந்தது. அதைப் பதியும்போது மகளைக்கூட வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். 'அப்புறம்' என்று அதற்குப் பெயர் வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்டபோது, "பேர்லயே இருக்கே, அப்புறம்" என்று சொல்லிவிட்டாள். மகளின் கல்யாணத்தன்று சொல்ல, பிறக்கப்போகிற பேரப்பிள்ளையிடம் சொல்ல, வயதான காலத்தில் இவரிடம் சொல்ல என்று ஏதேதோ இருக்கும் என்று இவராக நினைத்துக்கொண்டார். தாங்கமுடியாமல் போன ஒருநாள் கதவருகே போய் நின்று பார்த்தார். உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள். நின்றது தெரியாதபடி திரும்பி வந்துவிட்டார்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று மகள் கையடக்க டிஸ்க் ஒன்றை வாங்கி லேப்டாப்போடு இணைத்து வைத்தாள். சேர்வதெல்லாம் தானாக அதிலும் சேர்ந்துகொள்ளும். நெட்டில் ஒரு பிரதி ஏற்றி வைக்கலாம் என்று கேட்டதற்கு டீச்சர் சம்மதிக்கவில்லை. "என் குரல் என் வீட்டுலயே இருக்கட்டும். அது எதுக்கு ஊர் சுத்தப் போகணும்?"

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தடியில் ஒரு துளையோடும், அதை மறைக்கும் சின்னத் துணியோடும் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் வாரமே திரையைத் தொட்டுப் பேசக் கற்றுக்கொண்டாள். இவர் வேலையாக வெளியே இருந்தால் போன் வரும். எடுத்தால் லேப்டாப்பிலிருந்து அவள் குரல் கேட்கும். "எங்க இருக்கீங்க?" இவர் இடத்தைச் சொன்னால் கொஞ்சம் நேரம் கழித்து, சரியானதைத் தேடித் தொட்டு, "சரி, பாத்து வாங்க." கூடப் படியேறுகிற ஆட்களிடம், "வீட்டுல இருந்து" என்பார். பெருமையாகவே இருக்கும்.

லேப்டாப்புக்காக அவர் வீட்டு மின்சாரத்தையே சீர் செய்தார். பின்பக்கம் புதிதாக எர்த் குழி தோண்டினார். மெயின் போர்டில் நல்ல புரொடெக்டர் மாட்டினார். டீச்சருக்கும் சொல்லிக்கொடுத்தார். "இடி சத்தம் கேட்டா யோசிக்கவே யோசிக்காதே. முதல்ல பிளக்கைப் பிடுங்கிடு. சுவிட்சை அணைச்சா போதாது, பிளக்கையே பிடுங்கணும்." அவள் வகுப்புப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச ஆசைப்பட்டாள். அதற்காக நெட் இணைப்பு வந்தது. கேபிள்காரர் பக்கத்துத் தெரு அடுக்குமாடியிலிருந்து மொட்டைமாடிகளின் மேலாகவே கம்பியை இழுத்துவந்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சின்னப் பெட்டி ஒன்றில் செருகினார். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி லேப்டாப்புக்குப் போனது. இடிதாங்கி கீழே நின்று அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். திறந்தவெளியில் அவ்வளவு தூரம் வருகிற கம்பி. மின்னலுக்கு மின்சார லைன்தான் வேண்டும் என்று ஒன்றுமில்லை, இதுவே போதும். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தனியாக ஒரு புரொடெக்டர் வைத்து அதை எர்த்தோடு சேர்க்க வேண்டும். அதற்கான சின்ன டப்பா அவர் பையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். புதிய எக்ஸ்ரே மெஷின் வந்திறங்கியிருந்தது, அதற்கும் இதே மாதிரி டப்பா வேண்டும். பையில் இருந்ததை எடுத்து அங்கே மாட்டினார். நம் வீடுதானே, அடுத்த சரக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த சரக்கு வந்தது, அதுவும் யாருக்கோ போனது. பிளக்கைப் பிடுங்கச் சொன்ன மனிதர் இந்தக் கம்பியைப் பற்றி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று விட்டுவிட்டார்.

மழைக்காலத்தின் முதல் மழை ஒரு மதியம் வந்தது. அவர் ஓர் அச்சகத்தில் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"அச்சகத்துல இருக்கேன் டீச்சர். அங்க மழையா? பிளக்கைப் பிடுங்கிட்டியா?"

தேடித் தொட்டபின், "ஆமா."

"சரி வை, கை வேலையா இருக்கேன்."

அவள் அடுத்ததைத் தேடித் தொடுவதற்குள் இவர் வைத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் அச்சகத்தின் கண்ணாடிகள் அதிரும்படி ஓர் இடி விழுந்தது. வேலை செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டே, "உங்க ஆள் வந்துட்டார்" என்றார்கள். அவரும் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது தெருவே வாசலில் நின்றிருந்தது. அடுக்குமாடியின் மேல் இறங்கிய மின்னலாம். பக்கத்து வீட்டில் டிவி போய்விட்டது, எதிர்வீட்டில் போன் போய்விட்டது. உள்ளே நுழைந்ததுமே கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. டீச்சர் பின்னறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பின் பிளக், ஸ்பீக்கரின் பிளக், மேசைவிளக்கின் பிளக், அவர் சொல்லிக்கொடுத்த எல்லாம் பிடுங்கப்பட்டு மேசைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஜன்னல் ஓரத்துச் சின்னப் பெட்டி வெடித்துத் திறந்து கிடந்தது. அதிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் கம்பியின் முனை கறுத்திருந்தது. கருந்திரையின் மேல் டீச்சரின் விரல் இருந்தது. ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுக்கி வைத்த பிளக்குகளைக் கையால் காட்டினாள். நான் பிடுங்கிவிட்டேனே என்கிற மாதிரி. சரியாகத்தானே செய்தேன் என்கிற மாதிரி.

"நீ சரியாத்தான் செஞ்சே" என்றார். 

லேப்டாப்போடு இணைந்தே கிடந்த டிஸ்க்கும் போயிருந்தது. மகள் கிடைத்த முதல் வண்டியில் வந்து இறங்கினாள். அப்பா கம்பியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதும், "ஊர் வீட்டுக்கெல்லாம் மாட்டத் தெரியுது, இல்லப்பா?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்துச் சமையலறையில் தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஒரு முட்டாள். பிரதின்னு சொல்லி அதையும் அதுலயே மாட்டி வெச்சுட்டுப் போனேன். கழட்டி அலமாரியில வெச்சிருந்தா போதுமே. நெட்டு வேணும்னு அடம்பிடிச்சதும் நான்தான்." அவர் அவள் தோளைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள், பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லேப்டாப்பையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு டிஸ்க் ரிப்பேர் செய்கிறவரிடம் போனார்கள். கண்ணுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிற பொறுமைசாலி. லேப்டாப்பைத் திறந்து பார்த்ததுமே தலையை ஆட்டினார். உள்ளே சில்லு வெந்துபோயிருந்தது. டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு வேறொன்றின் போர்டைப் பொருத்தி நாள்கணக்கில் முயன்றார். கடைசியில் கிடைத்ததைக் காட்டினார்: மகளின் பள்ளிச் சான்றிதழ், ஒரு பழைய மின்சார பில், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த, பாதி சாம்பல் நிறமாகிவிட்ட ஒரு போட்டோ. "குரல் ஃபைல் ஒண்ணுகூட முழுசா வரலைங்க. திறந்தா வெறும் இரைச்சல்தான்" என்றார். இடிதாங்கி அந்த இரைச்சலையாவது கேட்கவேண்டும் என்றார். கேட்டார். உள்ளே எங்காவது அவள் இருப்பாளோ என்று காதைச் சாய்த்துக்கொண்டு, கடைக்காரர் போதும் என்று நிறுத்தும்வரை கேட்டார்.

மகளின் போனில் அம்மா எப்போதோ அனுப்பிய சில குரல் செய்திகள் இருந்தன. பள்ளி விழாவில் யாரோ எடுத்த வீடியோவும் இருந்தது. மகள் அவற்றைச் சேர்த்துக் கொண்டுவந்தபோது டீச்சர் கேட்க மறுத்துவிட்டாள். காகிதத்தில் எழுதினாள்: "இதெல்லாம் நான் பேசி முடிச்சது. அதுல இருந்தது நான் பேச வேண்டியது."

இவரிடம் அவள் எதுவும் எழுதவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சாப்பாடு வைப்பாள், துணி மடித்துக் கொடுப்பாள், காகிதத்தைத் தொடமாட்டாள். "திட்டிடு டீச்சர், ரெண்டு வார்த்தை எழுதியாவது திட்டிடு" என்று கெஞ்சினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். வந்து கூப்பிட்ட ஆட்களிடம், "வேற ஆளைப் பாருங்க" என்றார். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒருநாள் காலை டீச்சரே குனிந்து அந்தப் பையை வெளியே இழுத்தாள். தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள். காகிதம் எடுத்தாள்.

"கோபம் இருக்கு. போகுமான்னு தெரியல. அதுக்காக ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டிருக்க முடியாது. கிளம்புங்க."

அவர் கிளம்பினார்.

அதற்கு அப்புறம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒரு கருவியைக் கொடுத்தாள். டார்ச் லைட் அளவுதான் இருக்கும். தாடைக்கடியில் வைத்து அழுத்தினால் அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வே வார்த்தையாக வரும். ஏற்ற இறக்கம் கிடையாது. கேள்வியும் கோபமும் ஒரே மாதிரிதான் வரும். டீச்சர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பழகினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெரிய வண்டு பேசுகிற மாதிரி கேட்கும். இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார், கேட்காத மாதிரி.

ஒருநாள் சாப்பிடும்போது கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தாள்.

"தண்ணி வேணுமா?"

தட்டையான, உலோகத்தின் குரல். அவர் வேண்டும் என்று தலையாட்டினார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். கை கழுவப் போகிறவர் போல எழுந்து வெளியே மாடிப்படிக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"பிடிக்கலையா?"

"அப்படியெல்லாம் இல்ல டீச்சர்."

"எனக்கும் பிடிக்கல. என்ன பண்ண, வாய்னு ஒண்ணு இருக்கே." சிரித்தாள். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

அதோடு பள்ளிக்கும் போய்ப் பார்த்தாள். முதல் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, இன்னொரு தரம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு குழந்தை மட்டும் பயந்து அழுதது, நிறுத்தவே இல்லை. தலைமையாசிரியை நல்லவள், மென்மையாகத்தான் சொன்னாள், நூலக அறையில் ஒருவர் தேவைப்படுகிறார் என்று. டீச்சர் ஒப்புக்கொண்டாள். இப்போது தினமும் போய் அட்டை கிழிந்த புத்தகங்களை ஒட்டிவிட்டு வருகிறாள். அங்கே யாரும் பேசக்கூடாது என்பது விதி. "எனக்குன்னே செஞ்ச வேலை" என்று அந்தக் கருவியிலேயே கேலி செய்தாள். கேலிதானா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

'அப்புறம்' என்பதற்குள் என்ன இருந்தது என்று அவர் கேட்டுவிட்டார். கேட்கக்கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் ஒரு விடுமுறை நாள் காலையில் வாயில் வந்துவிட்டது. "எனக்கும் ஏதாவது வெச்சிருந்தியா?"

டீச்சர் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கருவியை எடுத்தாள்.

"வெச்சிருந்தேன்."

"சொல்லேன். இப்பவே சொல்லேன்."

கருவியை மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். கையிலேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு, "வேணாங்க. அதை இதுல சொன்னா நல்லா இருக்காது" என்றாள். அவர் திரும்பவும் கேட்கவில்லை.

மறுவருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வீட்டுக்கே ஏணி போட்டார். ஜன்னலுக்கு மேலே, கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் அந்தச் சின்ன டப்பாவை வைத்து, எர்த்துக்குப் பச்சை ஒயர் இழுத்தார். கீழே டீச்சர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மேசைமேல் லேப்டாப் இல்லை. ஒரு பூச்சாடியும் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணியும் இருந்தன. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"இப்போ எதுக்கு இது?"

அவர் ஸ்க்ரூவை முறுக்கினார். முறுக்கிக்கொண்டிருக்கும்போதே, இதே கேள்வியை அவள் முன்பு கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். 'எதுக்கு' என்பதை எப்படி இழுப்பாள், எங்கே குரல் ஏறும், முடிவில் சிரிப்பு வருமா. கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். காதுக்குள் வந்தது கருவியின் அந்த ரீங்காரம்தான். வேறு வாக்கியத்தை எடுத்தார், வாசலில் நின்று தெருமுனைக்குக் கூப்பிடுகிற அந்த 'என்னங்க'வை. அதுவும் தட்டையாகவே வந்தது.

மேலே கை நின்றுவிட்டதைக் கீழே இருந்தவள் கவனித்தாள்.

"என்ன, ஸ்க்ரூ விழுந்துடுச்சா?"

"இல்ல டீச்சர்" என்றார். "ஏணியை நல்லாப் பிடிச்சுக்கோ. இதோ வந்துட்டேன்."

அவள் கருவியைச் சட்டென்று மடியில் செருகிக்கொண்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.